மாரியில் கார் ஏன் கூடப் பெற்றோல் குடிக்கிறது? வன்னி வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு மார்கழியிலும் ஒரே முறைப்பாட்டை நான் இரண்டு இடத்தில் கேட்கிறேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அத்தான் போன் எடுத்து, "இஞ்ச வெளியில மைனஸ் பதினைஞ்சு, காருக்குப் பெற்றோல் அடிச்சுக் கட்டாது" என்பார். அதே கிழமை உருத்திரபுரத்தில் இருந்து கிளிநொச்சிக்குப் போய் டாங்கை நிரப்பிவிட்டு வந்து பெற்றோல் கணக்குக் கொப்பியைத் திறந்தால், கோடையில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய என்னுடைய பழைய கொரோலா 9 என்று காட்டும். அவருக்கு வாசலில் பனி மூடிக் கிடக்கிறது, அது விளங்குகிறது. எனக்கு விடியப்புறம் 22 பாகைதானே? அந்த 3 கிலோமீற்றர் எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு இரண்டு மாரி பிடித்தது. விடை சின்னது: பெற்றோலைக் குடிப்பது ஊரின் குளிர் அல்ல, என்ஜினின் குளிர். ஊர் 22 பாகையில் இருந்தாலும், 90 பாகையில் ஓட வேண்டிய என்ஜினுக்கு அது குளிர்தான். அதோடு எங்கள் பக்கத்துக் கார்களில் அந்தக் குளிரை நாங்களே கையால் ஏற்படுத்தி வைத்திருக்கிறோம், அதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப் போகிறேன். ஒரு சனி ஞாயிறுக்குள் உங்கள் காரில் முக்கால்வாசியை நீங்களே சோதித்துவிடலாம்.

முதலில் அளவை

"இப்ப கொஞ்சம் கூடக் குடிக்குது போல" என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள். கையில் ஒரு எண் இருக்க வேண்டும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தந்த காலத்தில் எனக்கு இந்தக் கொப்பிப் பழக்கம் வந்தது, ஒவ்வொரு லீற்றரும் எங்கே போகிறது என்று பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

ஒரே பெற்றோல் செட்டில், முடிந்தால் ஒரே பம்பில் நிரப்புங்கள். பம்ப் முதல் தரம் 'டக்' என்று தானாக நிற்கும்போது நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மேல் கழுத்து வரை விட வேண்டாம். ரிப் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். டாங்கில் பாதிக்கு மேல் ஓடி முடித்த பிறகு அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். ரிப் மீற்றரில் 310 கிலோமீற்றர், பில்லில் 34.4 லீற்றர் என்றால் 310 ஐ 34.4 ஆல் பிரிக்க 9 வரும், அவ்வளவுதான். ஒரு தரம் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் கார் கொஞ்சம் சரிந்து நின்றாலே ஒரு லீற்றர் முன்பின் ஆகும். மூன்று தரம் பார்த்து நடுவளவை எடுங்கள். பக்கத்தில் சின்னக் குறிப்பும் வேண்டும்: இந்த டாங்க் முழுக்க வீட்டுக்கும் ரவுனுக்கும் ஓடியதா, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நெடுக ஓடியதா, மழையா, ஏசி போட்டதா. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிறகு எண்களை ஒப்பிட முடியாது. கொழும்புக்குப் போய் வந்த டாங்கையும் ரவுனுக்குள் ஓடிய டாங்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் முதல் மாரியில் நான் குழம்பிப் போனேன்.

குளிர்ந்த என்ஜினுக்குள் என்ன நடக்கிறது

இதை விளங்கிக்கொள்ள வன்னியில் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் புத்தகம் தேவையில்லை. யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடியதை நினைத்துப் பாருங்கள். காலையில் மண்ணெண்ணெயை மட்டும் விட்டு எவ்வளவு உதைத்தாலும் ஸ்ரார்ட் வராது. ஒரு சின்னப் போத்தலில் தங்கம் மாதிரிக் காத்து வைத்த பெற்றோலில் சில துளியை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடேறிய பிறகுதான் அது மண்ணெண்ணெயை ஏற்கும். காரணம் இதுதான்: எரிவது திரவம் அல்ல, ஆவி. குளிர்ந்த இரும்பில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடான இரும்பில் ஆகும்.

பெற்றோலுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் குறைவு. பெற்றோல் என்பது பல பொருட்களின் கலவை. மெல்லிய பகுதி குளிரிலும் ஆவியாகும், கனமான பகுதி குளிர்ந்த சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். ஒழுங்காக எரிய, நிறைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். குளிரில் ஒரு பகுதி ஆவியாகாமல் நின்றுவிடுவதால், ஆவியாகும் பகுதி போதுமான அளவுக்கு இருக்கட்டும் என்று காரின் கொம்பியூட்டர் வேண்டுமென்றே கூடுதலாகப் பெற்றோலைத் தெளிக்கிறது. பழைய வண்டிகளில் சோக்கை இழுத்து நாங்கள் கையால் செய்ததை இப்போது அது தானே செய்கிறது. அந்தக் கூடுதல் பெற்றோலில் ஒரு பங்கு அரைகுறையாக எரிந்து புகைக்குழாயால் போகும், இன்னொரு பங்கு சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். குளிர்ந்த என்ஜினைத் திரும்பத் திரும்ப ஸ்ரார்ட் பண்ணினால் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்ரிக்கில் பெற்றோல் மணக்கும் என்று மெக்கானிக்மார் சொல்வது இதனால்தான்.

இதோடு ஒயிலும் தடிப்பாக இருக்கும். கியர் பெட்டி, சில்லுகளின் பெயறிங் எல்லாவற்றிலும் உள்ள ஒயிலும் கிறீசும் தடிப்பாகவே இருக்கும், அதை அரைத்துக்கொண்டு ஓடவும் பெற்றோல் வேண்டும். என்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும் கூலன்ற் திரவம் சில நிமிடத்தில் சூடாகிவிடும், ஆனால் என்ஜின் ஒயில் அதற்குப் பின்னால்தான் வரும், கியர் ஒயில் இன்னும் பிந்தும். சூட்டு மீற்றர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காக முழுக் காரும் சூடாகிவிட்டது என்று இல்லை.

இப்போது அத்தானையும் என்னையும் ஒப்பிடுங்கள். அவருடைய என்ஜின் மைனஸ் 15 இலிருந்து 90 க்கு ஏற வேண்டும், 105 பாகை. என்னுடையது 22 இலிருந்து 90 க்கு, 68 பாகை. அவர் ஏறுவதில் மூன்றில் இரண்டு பங்கை நானும் ஏறுகிறேன். குளிர் ஆழமாகப் போகப் போகத் தெளிக்கும் பெற்றோல் அதைவிட வேகமாகக் கூடும், ஆகவே நட்டம் அதே விகிதத்தில் வராது, அவருக்குத்தான் கூடுதல். அமெரிக்க அரசாங்கத்தின் சோதனைக் கணக்கில், 25 பாகையில் ஓடுவதோடு ஒப்பிட்டால் மைனஸ் 7 இல் நகர ஓட்டத்தில் ஒரு சாதாரணப் பெற்றோல் கார் லீற்றருக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய 15 வீதம் குறைகிறது. 5, 6 கிலோமீற்றர் ஓடிவிட்டு நிறுத்தும் குறுகிய ஓட்டத்தில் 24 வீதம் வரை குறைகிறது. அந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். அதே குளிர், அதே கார், ஓட்டம் குறுகியதும் நட்டம் எங்கேயோ போய்விட்டது.

குறுகிய ஓட்டங்களைச் சேர்த்துக் கட்டுங்கள்

என் வீட்டில் இருந்து ரவுனுக்கு ஏறக்குறைய 5 கிலோமீற்றர். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி வீட்டுக்கு வருவேன், பத்து மணிக்குச் சந்தைக்கு, பின்னேரம் ரியூஷனுக்கு, இரவு ஒருக்கால் பாமசிக்கு. கோடையில் மோட்டார் சைக்கிளில் முடியும் வேலை எல்லாம் மாரியில் மழைக்குப் பயந்து காரில் நடக்கும். மாரிக் கணக்கு விழுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று கொப்பியைப் புரட்டிய பிறகுதான் கண்டேன். காரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், காரை எடுக்கும் விதமே மாறியிருந்ததைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு தரமும் மூன்று நான்கு மணித்தியாலம் நின்று ஆறிய என்ஜின் முதல் சில கிலோமீற்றரைக் குளிரிலேயே ஓடுகிறது. அது சூடாகி ஒழுங்காக ஓடத் தொடங்கும்போது நான் திறப்பைத் திருப்பி நிறுத்துகிறேன். நான்கு ஓட்டம் என்றால் நான்கு குளிர் ஸ்ரார்ட். அதே வேலைகளை ஒரே சுற்றில் முடித்தால் ஒன்று. அந்தச் சுற்றில் மிகத் தூரமான இடத்துக்கு முதலில் போங்கள், அப்போது என்ஜின் முழுதாகச் சூடாகிவிடும், திரும்பி வரும் வழியில் பத்து பதினைந்து நிமிடம் அங்கங்கே நிறுத்தினாலும் ஆறாது.

வெளிக்கிடும் முன் என்ஜினை ஓட விட்டு நிற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் அப்பாமார் காலத்துப் பழக்கம் அது. ஐந்து நிமிடம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்பது கார்புரேற்றர் கார்களுக்குச் சரியாக இருந்திருக்கலாம். கொம்பியூட்டர் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் காருக்கு அரை நிமிடம் போதும். நிற்கும் கார் லீற்றருக்குப் பூச்சியம் கிலோமீற்றர் ஓடுகிறது, அதோடு சும்மா நிற்கும் என்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். பெல்ற்றைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, மெதுவாக எடுத்து, முதல் இரண்டு கிலோமீற்றருக்கு அக்சலேற்றரை அழுத்தாமல் ஓட்டுங்கள்.

கழற்றி எறிந்த வால்வு

இனி வருவதுதான் முக்கியமான இடம், பொறுமையாகப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆவணி மாதம் வவுனியாவில் இருந்து வரும்போது புளியங்குளம் தாண்டியதும் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. ஏ9 வீதி ஓரத்துக் கராஜ் ஒன்றில் நிறுத்தினேன். அங்கிருந்த அண்ணை பார்த்துவிட்டு, "தம்பி, இது வெளிநாட்டுக் குளிருக்குச் செய்த சாமான், எங்கட வெயிலுக்குத் தேவையில்லை, கழட்டி விடுறன், இனி என்ஜின் குளிர்மையா ஓடும்" என்று சொல்லித் தேர்மோஸ்ரற் வால்வைக் கழற்றிவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார், சூடும் நின்றது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ கார், வான், பட்டா என்ற சின்ன லொறி இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த வால்வு என்ன செய்கிறது? அதற்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. கூலன்ற் குறித்த சூட்டுக்கு வரும் வரை, பெரும்பாலான கார்களில் 80 பாகை தாண்டும் வரை, மெழுகு இறுகி இருக்கும், வால்வு, கூலன்றை ஆற வைக்கும் ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். அப்போது சூடு என்ஜினுக்குள்ளேயே சுற்றும், என்ஜின் விரைவில் சூடாகும். அந்தச் சூட்டுக்கு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். பிறகு தேவைக்கு ஏற்பத் திறந்தும் மூடியும் சூட்டை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும்.

வால்வை எடுத்துவிட்டால் முதல் நிமிடத்தில் இருந்தே எல்லாக் கூலன்றும் ரேடியேற்றருக்குள் ஓடி ஆறும். கோடை மதியத்தில் ரவுனுக்குள் ஊர்ந்தால் எப்படியோ சூடாகிவிடும், ஆகவே ஒரு பிழையும் தெரியாது. மாரியில் பாருங்கள்: 22 பாகைக் காற்று, முகத்துக்கு முகம் மழை, ஏ9 இல் 60 இல் ஓட்டம். ரேடியேற்றர் மிக நன்றாக வேலை செய்யும் நேரம் அது. என்ஜின் 60 பாகையையே தாண்டாமல் கிடக்கலாம். கொம்பியூட்டர் அதைப் பார்த்து, கார் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, வழி முழுக்கக் கூடுதல் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். மாங்குளம் போய்ச் சேர்ந்த பிறகும் அது காலையில் எடுத்த கார் மாதிரியே ஓடும். சூடாகாத என்ஜினில் ஒயிலுக்குள் சேரும் தண்ணீரும் பெற்றோலும் ஆவியாகி வெளியே போகாது, தேய்மானமும் கூடும். பெற்றோல் நட்டத்தைவிட அதுதான் பெரிய நட்டம்.

உங்கள் காரில் வால்வு இருக்கிறதா, இருந்தாலும் திறந்தபடி இறுகிவிட்டதா என்று இப்படிப் பாருங்கள்.

இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்ரார்ட் பண்ணி, பொனற்றைத் திறந்து, ரேடியேற்றரின் மேல் பக்கத்துக்கு வரும் தடித்த ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (சில கார்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும்). வால்வு சரியாக இருந்தால் சில நிமிடத்துக்கு ஹோஸ் ஆறியே இருக்கும், பிறகு திடீரென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். முதல் நிமிடத்தில் இருந்தே மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டு வந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி நின்றுவிட்டது. விசிறி தானாகச் சுழலத் தொடங்கும், ஆகவே சால்வை, சேலைத் தலைப்பு, நீளக் கைச்சட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கையை வையுங்கள். சூடான ரேடியேற்றர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

இரண்டாவது, முள்ளைப் பாருங்கள். மழை நாளில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறும்போது நடுவில் நின்ற முள், ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கீழே இறங்குகிறதா? அப்படியென்றால் வால்வில் பிழை. என்னுடைய கார் இதைத்தான் செய்தது, நான் அதை நல்ல சகுனம் என்று நினைத்திருந்தேன். புதிய சின்னக் கார்களில் முள்ளுக்குப் பதிலாக நீல நிற விளக்கு இருக்கும். அது நெடுநேரம் அணையாமல் இருந்தாலோ, அணைந்து ஓட்டத்தில் திரும்ப எரிந்தாலோ இதே சந்தேகம்தான். கார் நிற்கும்போது என்ஜின் தானாக நின்று திரும்ப ஸ்ரார்ட் ஆகும் வசதி உள்ள காராக இருந்தால், மழை நாளில் அது வேலை செய்யாமலே இருப்பதும் ஒரு அடையாளம், ஏனென்றால் என்ஜின் சூடாகாமல் அந்த வசதி இயங்காது.

மூன்றாவது, கராஜில் ஸ்கேனர் இருந்தால் கூலன்ற் சூட்டை ஓட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 80 க்கும் 100 க்கும் இடையில் அசையாமல் நிற்க வேண்டும். பி0128 என்ற குறியீடு வந்தால், கூலன்ற் வர வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

புது வால்வு வாங்கினால் போடும் முன் வீட்டில் சோதியுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 மாதிரி ஒரு எண் அடித்திருக்கும். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அந்த எண்ணுக்குக் கிட்ட வரும்போது திறக்கத் தொடங்கும், ஆறும்போது மூடும். கொதிக்கும் வரை திறக்காத வால்வைப் போட்டால் என்ஜின் எரிந்துவிடும், அதனால் இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்காதீர்கள். உங்கள் காருக்கு உரிய எண் உள்ள வால்வையே வாங்குங்கள், "எங்கட வெயிலுக்கு" என்று குறைந்த எண்ணுக்குப் போக வேண்டாம். புது றப்பர் வளையம் போடுங்கள். கூலன்றை நிரப்பி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். அடுத்த இரண்டு நாளும் ஆறிய என்ஜினில் அளவைப் பார்த்துக் குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

சரி, அப்படியென்றால் அன்றைக்கு என் கார் ஏன் சூடேறியது? ரேடியேற்றரின் பாதிக் குழாய்கள் அடைத்துப் போயிருந்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் வைத்து ஒரு மாதம் கொதிக்கவிட்டால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு. பல வருடமாகக் கூலன்றுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். வெளிப்பக்கத் தகடுகளில் செம்மண் புழுதி வேறு. ரேடியேற்றரைத் துப்புரவாக்கி, கூலன்ற் விட்டு, வால்வைத் திரும்பப் போட்ட பிறகு கோடையிலும் சூடேறவில்லை. அடுத்த மாரியில் கொப்பி 11 காட்டியது. வால்வுக்குக் கொடுத்த காசு ஒரு டாங்க் பெற்றோலுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

வாடைக்காற்று

கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போகும்போது மாரியில் காற்று முன்னால் நின்று தள்ளும். ஆனையிறவுத் திடலில் மறைக்க ஒரு மரமும் இல்லை, அங்கே காரே ஆடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நீங்கள் 60 இல் போக எதிரே 20 இல் வாடை அடித்தால் காருக்கு அது 80 மாதிரி, எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. குளிர்ந்த காற்று அடர்த்தியும் கூடியது. 30 பாகைக் காற்றைவிட 0 பாகைக் காற்று ஏறக்குறைய 11 வீதம் கனம். அது அத்தானுக்குத்தான் பெரிய விஷயம், எங்களுக்கு 10 பாகை வித்தியாசத்தில் 3 வீதம் அளவில்தான் வரும். எங்களுக்குப் பிரச்சினை காற்றின் வேகம். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரிலும் காற்றிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்தன. முல்லைத்தீவில் வயல்வெளியில் மாடு விட்டிருந்தவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. அப்படியான நாளில் வெளிக்கிட வேண்டி வந்தால் 10 கிலோமீற்றர் வேகத்தைக் குறையுங்கள், பெற்றோலும் மிஞ்சும், காரும் வீதியில் நிற்கும். மேலே கரியர் பூட்டியிருந்து தேவை இல்லாவிட்டால் கழற்றி வையுங்கள்.

ரயர் காற்று

காற்று ஆறினால் சுருங்கும். வைகாசி மதியம் 35 பாகையில் 32 பிஎஸ்ஐ பார்த்து அடித்த ரயர், மார்கழி விடியலில் ஒரு ஓட்டையும் இல்லாமலே 2 முதல் 3 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். இதனால் போகும் பெற்றோல் உண்மையில் சின்ன அளவு, 1 பிஎஸ்ஐக்கு 0.2 வீதம் என்பதுதான் பொதுக் கணக்கு. ஆனால் ஆறு மாதமாகக் காற்றே பார்க்காமல் 22 இல் ஓடும் கார்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அங்கே 2 வீதம் போகும், மழை வீதியில் பிடிமானமும் போகும். சாரதிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான எண் இருக்கும், ரயரின் பக்கத்தில் அடித்திருக்கும் உச்ச எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள். காலையில் ஓடும் முன் பாருங்கள்.

ஒயில்

எங்கள் பக்கக் கடைகளில் கேட்காமலே 20டபிள்யூ-50 எடுத்துத் தருவார்கள், வெயில் நாட்டுக்குத் தடிப்பான ஒயில் நல்லது என்ற நம்பிக்கை. முன்னால் இருக்கும் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது, சின்ன எண் என்றால் இலகு. உங்கள் காரின் கையேட்டிலோ ஒயில் மூடியிலோ 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால் அதையே விடுங்கள். காலையில் ஒவ்வொரு ஸ்ரார்ட்டிலும் தடித்த ஒயிலை அரைக்கத் தேவையில்லை. பழைய, தேய்ந்த என்ஜினுக்கு வேறு ஒயில் வேண்டுமா என்பதை என்ஜினைப் பார்த்த மெக்கானிக்கோடு பேசித் தீர்மானியுங்கள்.

சேறும் பிறேக்கும்

உள் வீதிகளில் மாரி என்றால் சேறு. இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு போகும் ஒவ்வொரு கிலோமீற்றரும் பெற்றோலை எடுக்கும், அதற்கு மருந்து இல்லை. ஆனால் அந்தச் சேறு பிறேக் கலிப்பருக்குள் போய்க் காய்ந்தால், மிதியில் இருந்து காலை எடுத்த பிறகும் பிறேக் முழுதாக விடாது, கார் நாள் முழுக்கப் பிடித்தபடி ஓடும். பத்துக் கிலோமீற்றர் பிறேக்கை அதிகம் தொடாமல் ஓடி நிறுத்தி, நாலு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டு போய்ச் சூட்டைப் பாருங்கள், இரும்பைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிறேக்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

மழைக்குள் கண்ணாடியில் புகார் படிந்து மங்கும், ஏசி போட்டுத்தான் ஆக வேண்டும், வைப்பரும் லைற்றும் போட்டுத்தான் ஆக வேண்டும். இவையும் கொஞ்சம் பெற்றோலை எடுக்கும். அதை மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். கண் தெரியாமல் ஏ9 இல் ஓடுவதற்கு எந்த மிச்சமும் ஈடாகாது.

ஹைபிரிட்காரருக்கு

அக்குவா, ப்ரியஸ் வைத்திருப்பவர்கள்தான் மாரியில் அதிகம் ஏமாந்து போவார்கள். அந்தக் கார்களின் பலமே என்ஜினை நிறுத்தி வைத்துப் பற்றரியில் ஓடுவது. ஆனால் என்ஜினும் புகைக்குழாயில் புகையைத் துப்புரவாக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரும் சூடாகும் வரை பற்றரி நிறைந்திருந்தாலும் என்ஜின் ஓடித்தான் ஆகும். 4 கிலோமீற்றர் ஓட்டத்தில் பெரும் பங்கு அந்தச் சூடாக்கலிலேயே முடிந்துவிடும். மைனஸ் 7 பாகைச் சோதனையில் சாதாரணக் காருக்கு 15 வீதம் குறைந்த இடத்தில் ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 வீதம் வரை குறைந்தது. எங்கள் ஊரில் அந்த அளவு வராது, ஆனால் குறைவதற்குக் காரணம் அதேதான். ஓட்டங்களைச் சேர்ப்பது உங்களுக்கு மற்ற எல்லாரையும்விட முக்கியம்.

அத்தானுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கிறது. அங்கே குளிர் காலத்துக்கென்று விற்கும் பெற்றோலின் கலவை வேறு, குளிரில் இலகுவாக ஆவியாகச் செய்த அந்தக் கலவையில் ஒரு லீற்றருக்கு இருக்கும் சக்தி கொஞ்சம் குறைவு. பனிக்கால ரயரும் வீதிப் பனியும் உருளும் எதிர்ப்பைக் கூட்டும். காரைக் கராஜுக்குள் விடுவதும், மின்சாரத்தில் என்ஜினைச் சூடாக்கும் புளொக் ஹீற்றரை வெளிக்கிடுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன் மட்டும் ரைமரில் போடுவதும் உதவும். இரவு முழுக்கப் போட்டால் மிச்சம் பிடித்த பெற்றோல் மின்சாரப் பில்லில் போகும். வீட்டுக்குள் இருந்தபடியே ரிமோட்டில் ஸ்ரார்ட் பண்ணிப் பதினைந்து நிமிடம் ஓட விடுவதைத்தான் அத்தான் இன்னும் விடவில்லை.

காசு போடத் தேவையில்லாத இடங்கள்

பெற்றோல் கூடக் குடிக்கிறது என்றதும் எயார் பில்டரை மாற்றச் சொல்வார்கள். இன்ஜெக்ஷன் காரில் அழுக்குப் பில்டர் இழுவையைக் குறைக்கும், பெற்றோல் கணக்கை அதிகம் மாற்றாது. எங்கள் புழுதிக்கு அதை நேரத்துக்கு மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதனால் 3 கிலோமீற்றர் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒக்டேன் 92 பெற்றோலில் ஓடக் கூடிய காருக்கு 95 அடிப்பதாலும் மாரிக் கணக்கு ஏறாது. டாங்கில் ஊற்றும் சின்னப் போத்தல் மருந்துகளையும் விட்டுவிடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் எண் ஏறாவிட்டால்

அப்போது கூலன்ற் சூட்டைச் சொல்லும் சென்சர், ஒட்சிசன் சென்சர், பிளக், இன்ஜெக்டர் என்று போக வேண்டும். முதல் சென்சர் பழுதானால், என்ஜின் கொதித்தாலும் அது குளிர் என்றே சொல்லிக்கொண்டிருக்கும், கொம்பியூட்டரும் நம்பிப் பெற்றோலை விடும். புகைக்குழாய் முனை கரிக்கறுப்பாக இருப்பதும் பெற்றோல் மணப்பதும் அடையாளம். ஆறிய காரில் திறப்பைப் போட்டு ஸ்கேனரில் பார்த்தால் கூலன்ற் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று 24, மற்றது மைனஸ் 40 என்று காட்டினால் பிழை எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று, வயரிலா சென்சரிலா என்பது மட்டும் மிச்சம்.

கராஜுக்குப் போகும்போது கொப்பியைக் கொண்டு போங்கள். "மூன்று டாங்க் பார்த்தன், 9 தான் வருது, ஹோஸ் முதல் நிமிசத்திலயே சூடாகுது, ரயர் சரி, பிறேக் பிடிக்கேல்ல" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் ஒருவர் அரை மணித்தியாலத்தில் இடத்தைப் பிடிப்பார். அவர் எதையாவது கழற்றினால் அது என்ன, எதற்கு, திரும்பப் பூட்டுவாரா என்று கேட்டு, அதையும் திகதி போட்டு எழுதி வையுங்கள்.